டியூனீசியாவைக் காத்த தொழிற்சங்கத்தால் ஏன் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை?

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் டியூனீசியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. சம்பளக் கோரிக்கையை முன்வைத்துப் போராடிய ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளைக் கையளிக்க மறுத்திருந்தார்கள். அதற்குப் பதிலடியாகக் கல்வி அமைச்சு சுமார் 17,000 ஆசிரியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. 350 அதிபர்களைப் பதவியிலிருந்து நீக்கியது. இந்த முடிவை எடுத்த கல்வி அமைச்சர் முஹம்மத் அலி பூக்தீரி, ஒரு காலத்தில் அதே நாட்டின் தொழிற்சங்கத் தலைமையில் உதவிப் பொதுச்செயலாளராக இருந்தவர்.

நமது நாட்டில் இந்தச் செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால், ஓர் ஆசிரியன் என்ற வகையில் என்னால் அதை இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. ஏனென்றால், இந்தத் தொழிற்சங்கம்தான் அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னர், 2015 இல், சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. சிவில் யுத்தத்தின் விளிம்பில் நின்ற நாட்டைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தது என்று உலகமே பாராட்டிய அமைப்பு அது. எட்டே வருடங்களில் அதன் அங்கத்தவர்களின் சம்பளத்தை ஒரு கடிதத்தால் நிறுத்த முடிகிறது. அதைக் கண்டு பொதுமக்கள் வீதிக்கு இறங்கவும் இல்லை. இது எப்படி நடந்தது?

நாம் பார்க்காத பக்கம்

அரபு வசந்தம் பற்றி நமது சமூகத்தில் நிறையவே பேசியிருக்கிறோம். எகிப்தில் முர்ஸி பதவி கவிழ்க்கப்பட்டபோது நமது பள்ளிவாசல்களில் துஆக் கேட்கப்பட்டது. ராஷித் அல் கன்னூஷியின் உரைகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. ஆனால் நமது பேச்சு எப்போதும் ஒரே கோட்டில்தான் ஓடியது. ஒரு பக்கம் இஸ்லாமியவாதிகள், மறுபக்கம் மதச்சார்பற்றவர்கள். இவர்களுக்கு மேலே இராணுவம், வெளியே மேற்கு நாடுகள். இந்த நான்கு பேரையும் வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தோம்.

அந்தக் கதையில் தொழிலாளிக்கு இடம் இருக்கவில்லை. ஆனால் டியூனீசியா ஏன் எகிப்தின் வழியில் போகவில்லை என்ற கேள்விக்கு விடை தேடினால், தொழிலாளியின் வீட்டு வாசலைத் தட்டாமல் விடை கிடைக்காது. அந்த நாடு பின்னர் ஏன் மீண்டும் ஒரு மனிதரின் ஆட்சிக்குள் விழுந்தது என்ற கேள்விக்கும் பெரும்பகுதி விடை அங்கேதான் இருக்கிறது.

ஓர் ஆலிமின் தலைமையில் தொடங்கிய சங்கம்

டியூனீசியப் பொதுத் தொழிலாளர் ஒன்றியத்தை அந்நாட்டு மக்கள் சுருக்கமாக ‘இத்திஹாத்’ என்பார்கள். 1946 ஜனவரி 20 ஆம் திகதி, பிரான்ஸின் ஆட்சிக்காலத்தில், பர்ஹத் ஹஷ்ஷாத் என்ற தொழிற்சங்கவாதி அதைத் தொடக்கிவைத்தார். அதன் முதலாவது தலைவர் யார் தெரியுமா? ஸைத்தூனாவின் ஆலிம் ஷெய்க் முஹம்மத் அல் பாழில் இப்னு ஆஷூர். நமது மௌலவிமார் நன்கறிந்த ‘அத்தஹ்ரீர் வத்தன்வீர்’ தப்ஸீரை எழுதிய இமாம் தாஹிர் இப்னு ஆஷூரின் மகன். பின்னாளில் நாட்டின் முப்தியாகவும் இருந்தவர்.

தொழிற்சங்கம் என்றால் இடதுசாரிகளின் விவகாரம் என்று நினைக்கும் நம்மவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அன்று டியூனீசியர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. சுரங்கத்தில் கல்லுடைப்பவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும் பாடசாலையில் படிப்பிப்பவனும் ஸைத்தூனாவில் ஓதிக்கொடுப்பவரும் ஒரே அந்நியனின் கீழ்தான் இருந்தார்கள்.

1952 டிசம்பர் 5 ஆம் திகதி ஹஷ்ஷாத் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக் குடியேற்றவாதிகளின் ‘செங்கை’ என்ற இரகசியக் கும்பலே அதைச் செய்தது. அந்தக் கொலைக்கு எதிராக மொரோக்கோவின் கஸபிளங்காவில் தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கி உயிர் கொடுத்தார்கள். ஒரு தொழிற்சங்கத் தலைவரின் ஜனாஸாவுக்காக இன்னொரு நாட்டில் மக்கள் உயிர் விட்டார்கள் என்றால், அந்தச் சங்கம் வெறும் சம்பளச் சங்கமாக இருந்திருக்க முடியாது.

சுதந்திரத்துக்குப் பின்னர் ஜனாதிபதி ஹபீப் பூர்கீபாவுக்கும் இத்திஹாதுக்கும் இடையிலான உறவு சில காலம் அணைப்பு, சில காலம் அடி என்றே போனது. 1978 ஜனவரி 26 ஆம் திகதி இத்திஹாத் பொது வேலைநிறுத்தம் அறிவித்தபோது இராணுவம் இறக்கப்பட்டது. பலர் கொல்லப்பட்டார்கள். தலைவர்கள் சிறை சென்றார்கள். அந்நாளை டியூனீசியர்கள் இன்றும் ‘கறுப்பு வியாழன்’ என்கிறார்கள். பின்னர் வந்த பின் அலியின் காலத்தில் மேல்மட்டத் தலைமை ஆட்சியாளருடன் சமரசமாகிப்போனது. 2004 இலும் 2009 இலும் ஜனாதிபதித் தேர்தலில் பின் அலிக்கு ஆதரவு தெரிவிக்கும் அளவுக்கு அது இறங்கியது.

ஆனாலும் சங்கம் சாகவில்லை. அதற்குக் காரணம் அதன் அமைப்பு முறை. நாட்டின் ஒவ்வொரு மாகாணத்திலும் அதற்குக் கிளை உண்டு, கட்டடம் உண்டு, தெரிவுசெய்யப்பட்ட நிர்வாகம் உண்டு. தலைநகரில் தலைமை கைகட்டி நின்றாலும், ஊர்க் கிளைகளில் ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள், சுகாதார ஊழியர்கள் கூடிப் பேச ஒரு கூரை இருந்தது. கட்சிகள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அரசியல் பேசக் கிடைத்த ஒரே கூரையாகவும் பல ஊர்களில் அதுவே இருந்தது.

ரதயிப்பின் ஆசிரியர்

2008 ஜனவரியில் கப்ஸா பிரதேசத்தின் பொஸ்பேற்றுச் சுரங்கக் கம்பனி வேலைக்கு ஆட்சேர்ப்பு முடிவுகளை வெளியிட்டது. வேலையில்லாத இளைஞர்களும் சுரங்கத்தில் அங்கவீனமானவர்களின் குடும்பங்களும் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தெழுந்தார்கள். ஆறு மாதங்கள் நீடித்த அந்தப் போராட்டத்துக்கு ரதயிப் என்ற சிற்றூரில் தலைமை தாங்கியவர் அத்னான் ஹாஜ்ஜி, ஒரு பாடசாலை ஆசிரியர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் தனது சம்பளத்துக்காகப் போராடவில்லை. அவருக்கு அரசாங்க வேலை இருந்தது. வேலை கிடைக்காதவர்களுக்காக, அதாவது சங்கத்தில் அங்கத்துவமே பெற முடியாதவர்களுக்காக, அவர் சங்கத்தின் கதவைத் திறந்துவிட்டார். மறுபக்கம், கப்ஸா மாகாணத்தில் அதே இத்திஹாதின் பொறுப்பாளராக இருந்தவர் ஆளும் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர். சுரங்கக் கம்பனிக்குக் கூலிக்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்தத் தொழிலிலும் அவருக்குப் பங்கிருந்தது. ஹாஜ்ஜியைச் சங்கமே இடைநிறுத்தியது, அரசாங்கம் சிறையில் அடைத்தது. 2009 நவம்பரில்தான் அவர் விடுதலையானார்.

ஒரே சங்கத்துக்குள் இரண்டு சங்கங்கள் இருந்தன என்பதை ரதயிப் காட்டியது. தனக்கு உள்ளே இருப்பவர்களின் நலனை மட்டும் பார்ப்பது ஒன்று. வெளியே நிற்பவனுக்காகவும் குரல் கொடுப்பது மற்றது. டியூனீசியாவின் அடுத்த பதினைந்து வருட வரலாறு, இவ்விரண்டில் எது மேலோங்கியது என்பதைப் பொறுத்தே அமைந்தது என்பது எனது கருத்து.

2010 டிசம்பர் 17 ஆம் திகதி சிதி பூஸித் நகரில் முஹம்மத் பூஅஸீஸி என்ற 26 வயது வீதி வியாபாரி தன்னைத் தீயிட்டுக்கொண்டார். அவரும் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்தான். ஆனால், அவருடைய குடும்பத்தின் அழுகையை நாட்டின் அழுகையாக மாற்றியதில் ஊர்க் கிளைகளின் பங்கு பெரியது. குறிப்பாக ஆசிரியர் சங்கக்காரர்கள் ஊர்வலங்களை ஒழுங்குசெய்தார்கள், செய்தியை ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள். 2011 ஜனவரி 11 இல் தேசியத் தலைமை வேறு வழியின்றி, மாகாணக் கிளைகள் தாமாக வேலைநிறுத்தம் செய்ய அனுமதித்தது. 12 ஆம் திகதி ஸபாக்ஸ் நகரம் ஸ்தம்பித்தது. 14 ஆம் திகதி தலைநகரில் வேலைநிறுத்தம். அன்று மாலை பின் அலி சவூதிக்குப் பறந்துவிட்டார்.

பூஅஸீஸிக்கு முன்னரும் தீக்குளித்தவர்கள் உண்டு. அவர்களால் ஆட்சி கவிழவில்லை. ஒருவனின் வேதனையை ஒரு நாட்டின் வேலைநிறுத்தமாக மாற்ற ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அந்த அமைப்பு ஏற்கனவே அங்கே இருந்தது.

எகிப்தில் இல்லாதது எது?

எகிப்தியத் தொழிலாளர்கள் டியூனீசியரை விடத் துணிவில் குறைந்தவர்கள் அல்லர். 2006 டிசம்பரில் மஹல்லா அல் குப்ரா நெசவாலையில் 20,000 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாக்களிக்கப்பட்ட போனஸ் கொடுபடாததே காரணம். 2008 ஏப்ரல் 6 ஆம் திகதி அதே நகரில் நடந்த எழுச்சியின் பெயரைத்தான் பின்னர் தஹ்ரீர் சதுக்கத்தை நிரப்பிய இளைஞர் அணியொன்று சூடிக்கொண்டது. முபாரக் வீழ்வதற்கு முன்னரான கடைசி நாட்களில் நாடெங்கும் பரவிய வேலைநிறுத்தங்கள் இல்லாமல் இராணுவம் அவரைக் கைவிட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அவர்களுக்கு இத்திஹாத் போன்ற ஒன்று இருக்கவில்லை. 1957 இல் நாஸரின் ஆட்சியில் உருவான எகிப்தியத் தொழிற்சங்க சம்மேளனம் தொடக்கத்திலிருந்தே அரசாங்கத்தின் ஒரு திணைக்களம் போன்றது. தொழிலாளியை அது பிரதிநிதித்துவப்படுத்தவில்லை, கண்காணித்தது. சுயாதீன சங்கங்களின் சம்மேளனம் 2011 ஜனவரி 30 ஆம் திகதி, எழுச்சியின் நடுவே, தஹ்ரீர் சதுக்கத்தில் அறிவிக்கப்பட்டது. வெள்ளம் வந்த பிறகு அணை கட்டியது போலத்தான் அது.

முபாரக் போன சில வாரங்களிலேயே இராணுவ சபை வேலைநிறுத்தங்களைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் தேர்தலில் வென்ற முர்ஸியின் அரசாங்கம் அந்தப் பழைய சம்மேளனத்தைச் சுதந்திரமாக்கியதா? இல்லை. 2012 நவம்பரில், 60 வயதைத் தாண்டிய நிர்வாகிகளை நீக்கி வெற்றிடங்களை நியமனத்தால் நிரப்ப வழிசெய்யும் ஆணையைப் பிறப்பித்தது. அதாவது, பழைய பூட்டைக் கழற்றவில்லை, சாவியைத்தான் மாற்ற முயன்றது. இதை இஹ்வான்களின் மீதான காழ்ப்பில் எழுதவில்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் வேறு, அவர்கள் விட்ட தவறு வேறு. தவறைப் பேசாமல் பாடம் படிக்க முடியாது.

2013 ஜூலை 3 ஆம் திகதி ஸீஸி ஆட்சியைப் பறித்தபோது, இரு தரப்பும் மதிக்கக்கூடிய, இரு தரப்புக்கும் “நில்லுங்கள்” என்று சொல்லக்கூடிய ஒரு மக்கள் அமைப்பு எகிப்தில் இருக்கவில்லை. சுயாதீன சங்கங்களின் முன்னோடியான கமால் அபூ ஐத்தா புதிய அரசாங்கத்தில் தொழில் அமைச்சராகப் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்ட் 14 இல் ராபிஆவில் இரத்தம் ஓடியது.

மேசைக்கு அழைத்தவர்கள்

அதே 2013 இல் டியூனீசியாவும் அதே இடத்தில்தான் நின்றது. பெப்ரவரி 6 இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பில்அயீத் கொல்லப்பட்டார். ஜூலை 25 இல் முஹம்மத் பராஹிமி கொல்லப்பட்டார். அரசியலமைப்பை எழுதும் சபை இடைநிறுத்தப்பட்டது. சபைக்கு வெளியே அரசாங்கம் விலகக் கோரி ஆயிரக்கணக்கானோர். அதற்கு எதிராக அந்நஹ்ழா ஆதரவாளர்களின் கூட்டம். எகிப்தைப் போலச் செய்யலாம் என்று கனவு கண்டவர்களும் இருந்தார்கள்.

இத்திஹாத் நடுநிலையான அமைப்பாக இருக்கவில்லை. அதன் நிர்வாகிகளில் பலர் இடதுசாரிகள், அந்நஹ்ழாவை விரும்பாதவர்கள். 2012 டிசம்பர் 4 இல், ஹஷ்ஷாத் நினைவு நாளுக்கு முதல்நாள், ‘புரட்சியைப் பாதுகாக்கும் குழுக்கள்’ எனத் தம்மை அழைத்துக்கொண்டவர்கள் சங்கத்தின் தலைமையகத்தைத் தாக்கியிருந்தார்கள். பழிவாங்கக் காரணம் இருந்தது, ஆட்பலமும் இருந்தது. டிசம்பர் 13 க்கு அறிவித்த பொது வேலைநிறுத்தத்தை இத்திஹாத் பேச்சுவார்த்தைக்குப் பின் கைவிட்டது.

அடுத்த வருடம் அது இன்னொரு படி மேலே போனது. முதலாளிமார் சம்மேளனம், மனித உரிமைக் கழகம், சட்டத்தரணிகள் சங்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டு நால்வர் அணி அமைத்தது. தொழிலாளியும் முதலாளியும் ஒரே பக்கத்தில் அமர்ந்து அரசியல்வாதிகளை எதிர்ப்பக்கத்தில் அமர்த்தினார்கள். பேச வருவதற்கு முன்னர் வழிகாட்டு வரைபடத்தில் கையொப்பமிட வேண்டும் என்பது நிபந்தனை. அக்டோபர் 5 இல் பெரும்பாலான கட்சிகள் கையொப்பமிட்டன. ஜனாதிபதி மர்ஸூக்கியின் கட்சி மறுத்துவிட்டது.

அந்நஹ்ழா விட்டுக்கொடுத்ததை மறைக்க முடியாது. 217 ஆசனங்களில் 89 ஐ வென்ற கட்சி, தேர்தலில் தோற்காமலேயே ஆட்சியைக் கையளித்தது. கன்னூஷியும் எதிரணித் தலைவர் பாஜி காயித் அஸ்ஸிப்ஸியும் பாரிஸில் சந்தித்துப் பேசியதும் உதவியது. டியூனீசிய இராணுவம் சிறியது, அரசியலில் பழக்கமில்லாதது என்பதும் உண்மை. ஆனாலும் விட்டுக்கொடுப்பவன் அவமானப்படாமல் விட்டுக்கொடுக்க ஒரு மேசை வேண்டும். அதைப் போட்டது இத்திஹாத்.

2014 ஜனவரி 26 ஆம் திகதி இரவு புதிய அரசியலமைப்பு 200 வாக்குகளால் நிறைவேறியது. கறுப்பு வியாழன் நடந்து சரியாக 36 வருடங்கள். சங்கம் அமைக்கும் உரிமையும் வேலைநிறுத்த உரிமையும் அதன் 36 ஆவது பிரிவில் எழுதப்பட்டன.

உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும்

இனி மறுபக்கம். நோபல் பரிசுக்குப் பின்னர் நடந்தவை அவ்வளவு அழகானவை அல்ல.

புரட்சிக்குப் பிந்திய அரசாங்கங்கள் எதிர்ப்பைத் தணிக்க அரசாங்க வேலைகளையும் சம்பள உயர்வுகளையும் அள்ளிக் கொடுத்தன. பத்து வருடங்களில் டியூனீசியாவின் அரச சம்பளச் செலவு, பொருளாதார அளவோடு ஒப்பிடும்போது உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றானது. 2016 இல் கடன் கொடுத்த சர்வதேச நாணய நிதியம் அதைக் குறைக்கச் சொன்னது. இத்திஹாத் எதிர்த்தது. 2018 நவம்பரிலும் 2019 ஜனவரியிலும் நாடு தழுவிய வேலைநிறுத்தங்கள் நடந்தன.

அந்தக் கோரிக்கைகள் அநியாயமானவை என்று நான் சொல்லமாட்டேன். விலைவாசி ஏறும்போது சம்பளம் ஏறாவிட்டால் சம்பளம் குறைகிறது என்றே அர்த்தம். நாணய நிதியத்தின் கத்தி யாருடைய கழுத்தில் முதலில் வைக்கப்படும் என்பது இலங்கையரான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரச்சினை வேறு. சங்கத்தின் பெரிய வேலைநிறுத்தங்கள் உள்ளே இருப்பவர்களின் சம்பளத்துக்காக நடந்தன. வெளியே நின்றவர்கள் தனித்துப் போராடினார்கள்.

கப்ஸாவில் வேலையற்ற இளைஞர்கள் சுரங்கப் பாதைகளை மறித்தார்கள். 2010 இல் சுமார் 80 இலட்சம் தொன் இருந்த பொஸ்பேற்று உற்பத்தி பின்னர் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. தெற்கே ததாவீனில் 2017 இல் இளைஞர்கள் எண்ணெய்க் குழாயை மூடிவிட்டுப் பாலைவனத்தில் கூடாரமடித்தார்கள். இத்திஹாத் அங்கே மத்தியஸ்தம் செய்து ஓர் உடன்படிக்கையை எடுத்துக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அரசாங்கம் அதை முழுமையாக நிறைவேற்றாதபோது, அந்த இளைஞர்களுக்காக நாடு தழுவிய வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை.

2019 ஏப்ரலில் சிதி பூஸித் மாகாணத்தில் விவசாயக் கூலிகளை, பெரும்பாலும் பெண்களை, ஆடுமாடுகளைப் போல ஏற்றிச் சென்ற வாகனம் விபத்துக்குள்ளாகிப் பன்னிரண்டு பேருக்குக் குறையாதோர் இறந்தார்கள். பூஅஸீஸி தீக்குளித்த அதே மாகாணம். எட்டு வருட ஜனநாயகம் அவர்களுடைய வாழ்க்கையில் எதை மாற்றியது? அவர்களுக்குச் சங்கம் இல்லை, நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை.

இப்படிப்பட்டவர்களின் கண்ணில் பாராளுமன்றமும் கட்சியும் சங்கமும் ஒரே வகையறாவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 2021 ஜூலை 25 இல் ஜனாதிபதி கைஸ் ஸயீத் பாராளுமன்றத்தை இடைநிறுத்தியபோது, அன்றிரவு வீதியில் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தவர்கள் பணக்காரர்கள் அல்லர்.

அந்த மாதத்தில் இத்திஹாத் என்ன செய்துகொண்டிருந்தது? ஜூலை தொடக்கத்தில் ஸூஸா நகரில் விசேட மாநாடு கூட்டி, தலைவர்கள் இரண்டு தவணைகளுக்கு மேல் பதவியில் இருக்கத் தடையாக இருந்த தனது விதியை மாற்ற வழிசெய்துகொண்டிருந்தது. சங்கத்துக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள், நீதிமன்றம் சென்றார்கள். பலனில்லை. இரண்டு வாரங்களின் பின்னர் ஜனாதிபதி அரசியலமைப்பின் வரம்பைத் தாண்டியபோது, தவணை வரம்பைத் தாண்டிய தலைமைக்கு அதைக் கண்டிக்கும் தார்மீக பலம் எங்கிருந்து வரும்? அரசியலமைப்பு உத்தரவாதங்கள் வேண்டும், காலவரையறை வேண்டும் என்று அறிக்கை விட்டதோடு அது நின்றுகொண்டது. அந்நஹ்ழாவுக்கு அடி விழட்டும் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

அடி அந்நஹ்ழாவோடு நிற்கவில்லை. 2023 ஜனவரி இறுதியில் அதிவேக வீதி ஊழியர் சங்கத் தலைவர் வேலைநிறுத்தம் செய்ததற்காகக் கைதானார். பெப்ரவரியில், ஆதரவு தெரிவிக்க வந்த ஐரோப்பியத் தொழிற்சங்கத் தலைவி நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஏப்ரலில் கன்னூஷி கைதானார். ஜூலையில் 17,000 ஆசிரியர்களின் முறை வந்தது. 2013 இன் மாதிரியில் மீண்டும் ஒரு தேசிய உரையாடலுக்கு இத்திஹாத் அழைப்பு விடுத்தபோது ஜனாதிபதி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அழைத்த அமைப்பு அதேதான், கட்டடமும் அதேதான். ஆனால் அதன் பின்னால் நின்ற வெளியாட்கள் இப்போது இல்லை.

நமக்கு என்ன?

2021 ஜூலை 12 இல் நமது நாட்டில் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினோம். 24 வருடச் சம்பள முரண்பாடு. நானும் விலகியிருந்தேன். அது நியாயமான போராட்டம் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நின்றோம், கேட்டதில் ஒரு பங்கைப் பெற்றோம்.

அந்நாட்களில் சந்தையில் மீன் விற்கும் ஒரு பெற்றார் என்னை நிறுத்திக் கேட்டார்: “சேர், ஒங்கட சம்பளத்துக்கு நீங்க நிக்கீங்க. எங்கட புள்ளைக்கி ஆரு நிக்கிற?” அவருடைய மகளுக்கு ஸ்மார்ட் போன் இல்லை. நாங்கள் விலகுவதற்கு முன்னரே, ஒரு வருடத்துக்கும் மேலாக, அந்தப் பிள்ளைக்குப் பாடம் இல்லை. அதற்காக நாங்கள் ஒருநாள்கூட வேலைநிறுத்தம் செய்யவில்லை. அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

டியூனீசியாவைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய கேள்வி எனக்கு ஞாபகம் வருகிறது. 2022 இல் ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தமும் மே 6 ஹர்த்தாலும் நாட்டை அசைத்தது ஏன்? அன்று யாரும் தனது சம்பளப் பட்டியலை மட்டும் தூக்கிக்கொண்டு வரவில்லை. கேஸ் வரிசையில் நின்றவரின் பிரச்சினையைத் தொழிற்சங்கங்கள் தம் பிரச்சினையாக்கின. அதனால் கடைக்காரரும் கடையைப் பூட்டினார்.

நமது சமூகத்தில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஸப்பில் நின்று தொழுகிறார்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் புடவைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கும் நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறது? பள்ளிவாசலில் ஐவேளை பாங்கு சொல்லும் முஅத்தினுக்கும் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவிக்கும் ஓய்வுகாலத்தில் யார் பொறுப்பு? அவர்களுக்காகப் பேசும் சங்கம் எங்கே? தொழிற்சங்கம் என்றால் மற்றவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கியிருக்கிறோம். சங்கத்தில் இருக்கும் என் போன்ற அரச ஊழியர்களும் சுற்றுநிருபத்துக்கும் சம்பளப் படிநிலைக்கும் அப்பால் பார்ப்பதில்லை.

நல்ல ஆட்சி, ஜனநாயகம், அரசியலமைப்பு என்று பேசும்போது நாம் தலைவர்களைத் தேடுகிறோம். டியூனீசியாவில் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். நாட்டைக் காத்தது ஊருக்கு ஊர் இருந்த ஒரு கூரை. வேலையில்லாதவனுக்கும் அதன் கதவு திறந்திருந்த வரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அதை உடைக்க ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

அடுத்த முறை எமது சங்கம் கூடும்போது, சம்பளக் கோரிக்கைக்குக் கீழே இன்னொரு கோரிக்கையையும் எழுதச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அது அந்த மீன் வியாபாரியின் மகளைப் பற்றியதாக இருக்கும்.